வீட்டினுள் வலுவிழக்கும் வைஃபை அலைகள்

1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடியிருந்த பிரமுகர்கள் அதுவரை கண்டிராத ஒரு காட்சியைக் கண்டனர். பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸ் ஓரிடத்தில் வைத்திருந்த சிறு கருவியிலிருந்து மின்காந்த அலைகள் கிளம்பின. இடையிலிருந்த சுவர்களைக் கடந்து சென்ற அவ்வலைகள், அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன. கருவிக்கும் மணிக்கும் இடையே கம்பி ஏதும் இல்லை. மற்ற நாட்டு விஞ்ஞானிகள் பலர் நீண்ட அலைகளிலேயே கருத்தைச் செலுத்தியிருந்த அக்காலத்தில், போஸ் 25 மில்லிமீட்டர் முதல் சுமார் 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள குற்றலைகளை உண்டாக்கி, அவற்றின் இயல்பை ஆராய்ந்து வந்தார்.

சுவரைக் கடக்கும் அலையைக் கண்டு அன்று வியந்த நாட்டில், அலை சுவரைக் கடந்து வருவதில்லை என்பதே இன்று வீடுதோறும் கேட்கும் குறையாக இருக்கிறது. கூடத்தில் கைபேசியில் தடையின்றி ஓடும் படம், பின்கட்டு அறைக்குப் போனவுடன் நின்று நின்று ஓடுகிறது. திரையின் நடுவே ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. மாதக் கட்டணம் தவறாமல் செலுத்தியும் பயன் இல்லையே என்று வீட்டார் சலித்துக்கொள்கின்றனர்.

இது பொழுதுபோக்கைப் பற்றிய குறை மட்டுமன்று. ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் வகுப்புரைகளையும், 2017-ல் தொடங்கப்பெற்ற ஸ்வயம் தளத்தின் பாடங்களையும் வீடியோ வாயிலாகப் படித்துத் தேர்வெழுதும் மாணவர்கள் நாடெங்கும் உள்ளனர். இ-சஞ்சீவனி என்னும் மத்திய அரசின் சேவை 2020 ஏப்ரல் முதல் நோயாளிகள் தம் வீட்டிலிருந்தபடியே மருத்துவரைத் திரையில் கண்டு பேச வழி செய்திருக்கிறது. படுக்கையைவிட்டு எழ இயலாத மூதாட்டி ஒருவர் தம் மூச்சுத் திணறலை மருத்துவரிடம் விவரிக்கும் நேரத்தில் படம் உறைந்து, குரல் துண்டுதுண்டாகக் கேட்குமானால், அதை அற்பத் தொல்லை என்று தள்ளிவிட முடியாது.

குறை எங்கே உள்ளது?

வெளியிலிருந்து வீட்டுக்கு வந்து சேரும் இணைப்பு வேறு. வீட்டினுள் அதைக் காற்றில் பரப்பும் வைஃபை வேறு. பெரும்பாலோர் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். ஆகவே அலை வலுவிழந்தால் கம்பெனியிடம் கூடுதல் வேகம் கேட்டுக் கூடுதல் கட்டணம் கட்டுகின்றனர். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தை 300 ஆக்கினாலும் பின்கட்டு அறையில் ஒரு மாறுதலும் தோன்றாதபோது ஏமாற்றம் அடைகின்றனர். கிணற்றில் நீர் குறைந்ததா, வாய்க்கால் உடைந்ததா என்று பாராமல் கிணற்றை ஆழப்படுத்துவது போன்றது இது.

இரண்டில் எது பழுது என்று அறிவது கடினமன்று. ஒரு கணிப்பொறியைக் கம்பி மூலம் ரூட்டருடன் நேரே இணைத்து வேகத்தை அளந்து பார்க்க வேண்டும். கம்பி இணைப்பிலும் வேகம் குறைவாயிருந்தால் குறை வெளி இணைப்பில் உள்ளது. வீட்டினுள் எதை மாற்றியும் பயனில்லை. கம்பியில் வேகம் நன்றாயிருந்து, அறையில் மட்டும் குறையுமாயின், குற்றவாளி வைஃபை அலைதான். கம்பி பொருத்தும் வசதியுள்ள கணிப்பொறி இல்லாதவர்கள், கைபேசியை ரூட்டருக்கு இரண்டு மீட்டர் தொலைவில் வைத்து ஒரு முறையும், குறையுள்ள அறையில் ஒரு முறையும் அளந்தால் போதும். மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை வெளி இணைப்பிலேயே நெரிசல் மிகுவதுண்டு. ஆதலால் ஒரே நேரத்தில் இரண்டு அளவுகளையும் எடுப்பது நலம்.

வீடியோவுக்கு உண்மையில் எவ்வளவு வேகம் தேவை? தெளிவான முழு உயர்நிலைப் படத்துக்கு வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட் போதுமானது. நாலாயிரம் புள்ளி அகலமுள்ள மிக நுண்ணிய படத்துக்கும் 15 முதல் 25 வரை இருந்தால் போதும். 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் இரண்டரை மணி நேரப் படம் மொத்தத்தில் சுமார் 5.6 கிகாபைட் செய்தியைச் சுமந்து வருகிறது. அச்செய்தி ஒரே ஓட்டமாக வருவதன்று. சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. திரைக் கருவி அடுத்த சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்கிறது. வரத்து குறையும்போது சேமிப்பிலிருந்து செலவிடுகிறது. மேலும் குறைந்தால் தரம் தாழ்ந்த, எடை குறைந்த துண்டுகளைக் கேட்டு வாங்குகிறது. படம் மங்குவது இதனால்தான். சேமிப்பு முற்றிலும் தீர்ந்தபோதுதான் வட்டம் சுழலத் தொடங்குகிறது.

பதிவு செய்த பாடத்துக்கு இவ்வாறு சேமிப்பு உண்டு. மருத்துவருடன் பேசும் பேச்சுக்கோ, ஆசிரியரிடம் கேள்வி கேட்கும் நேரடி வகுப்புக்கோ அது இல்லை. இன்னும் பேசப்படாத சொல்லை எவ்வாறு முன்கூட்டிச் சேமிப்பது? ஆகவே திரைப்படம் ஒருவாறு ஓடும் அறையிலும் உரையாடல் தடைபடக் காணலாம்.

அலையின் கணக்கு

வீட்டு ரூட்டர் ஒன்று காற்றில் செலுத்தும் சக்தி பொதுவாகச் சுமார் 100 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. இரவு விளக்குக்குக்கூட இது போதாது. கைபேசியை அடையும்போது இதில் மிஞ்சுவது வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. படம் தடையின்றி ஓடத் தேவையெனப் பொறியாளர்கள் கொள்ளும் அளவு சுமார் ஒரு வாட்டின் 500 கோடியில் ஒரு பங்கு. புறப்பட்டதில் 50 கோடியில் ஒரு பங்கு! இதற்கும் கீழே பல படிகள் வரை கருவி அலையை உணரும். ஆயின் வேகம் குன்றிவிடும்.

இவ்வளவு பெரிய எண்களைக் கையாள்வது எளிதன்று. எனவே டெசிபெல் என்னும் அளவையைப் பயன்படுத்துகின்றனர். சக்தி பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 10 டெசிபெல் இழப்பு, பாதியானால் 3, நாலில் ஒன்றானால் 6. ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாகக் கொண்டால் ரூட்டரின் 100 மில்லிவாட் 20 ஆகும். மேலே கூறிய 50 கோடியில் ஒரு பங்கு -67 ஆகும். கைபேசியில் காணும் கோடுகள் ஒரு கம்பெனிக்கு ஒருவிதமாக அமைந்தவை. அவற்றை நம்பி முடிவு செய்தல் கூடாது. அலையின் வலுவை டெசிபெல் கணக்கில் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. -50 என்றால் மிக நன்று. -67 வரை வீடியோவுக்குத் தக்கது. -75-க்குக் கீழே போனால் தொல்லை. -85-ல் இணைப்பே அறுந்து போகலாம். எண் பெரிதாகப் பெரிதாக அலை மெலிகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வெட்டவெளியில் தொலைவு இரட்டித்தால் சக்தி நாலில் ஒன்றாகும். அதாவது 6 டெசிபெல் இழப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ரூட்டரிலிருந்து ஒரு மீட்டரில் சுமார் -20, பத்து மீட்டரில் சுமார் -40 கிடைக்கும். இந்தக் கணக்கின்படி சாதாரண வீட்டில் எந்த மூலையிலும் குறையே இருக்கலாகாது. தொலைவு மட்டும் எதிரி அன்று என்பது இதனால் விளங்கும்.

சுவரும் தளமும் பீரோவும்

நம் நாட்டு வீடுகளின் அமைப்பே இங்கு முக்கிய விஷயம். அமெரிக்காவில் வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்தவை. அவற்றைக் கடக்கையில் அலை 3 டெசிபெல் அளவே இழக்கிறது. ரூட்டர் விற்கும் அட்டைப்பெட்டியின் மீது அச்சிட்ட பரப்பளவு இத்தகைய வீடுகளுக்கே ஓரளவு பொருந்தும். இங்கோ ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 8 முதல் 10 டெசிபெல் வரை விழுங்குகிறது. இரும்புக் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம் 15 அல்லது அதற்கும் மேலாக விழுங்கும். கல்கத்தா, லக்னோ போன்ற பழைய நகரங்களின் பெரிய வீடுகளில் ஒன்றரை அடி கனமுள்ள சுவர்கள் உண்டு. கோடையில் குளிர்ச்சி தரும் அதே கனம், அலைக்குப் பெருந்தடையாகிறது. மழைக்காலத்தில் ஈரம் ஊறிய சுவர் இன்னும் சற்று அதிகமாக உறிஞ்சும்.

மரக்கதவும் சாதாரண கண்ணாடியும் பெரிய தடைகள் அல்ல. உலோகமோ அலையைக் கடக்கவிடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரும்பு பீரோ, குளிர்ப்பெட்டி, பாத்திர அலமாரி, உருட்டு ஷட்டர் ஆகியவற்றின் பின்னே அலையின் நிழல் விழுகிறது எனலாம். முகம் பார்க்கும் கண்ணாடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அதன் பின்புறம் பூசியிருப்பது உலோகப் படலம். நீர் அலையை உறிஞ்சும். ஆகவே நிரம்பிய தண்ணீர்த் தொட்டியும் தடையே. மனித உடலும் பெரும்பாலும் நீரே ஆதலின், விருந்தினர் நிறைந்த கூடத்தில் அலை சற்றே மெலிவதில் வியப்பில்லை.

சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் பல வழிகளில் வந்து ஒன்றோடொன்று கூடுகின்றன. சில இடங்களில் வலுப்பெறுகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். எனவே கருவியை நாலு விரற்கடை நகர்த்தினாலே அளவு மாறுவதைக் காணலாம். மேஜையின் ஒரு ஓரத்தில் ஓடாத படம் மறு ஓரத்தில் ஓடுவது மாயமன்று. ரேடியோ வானியலுக்காக இத்தகைய கலங்கிய அலைகளைச் சீர்செய்யும் கணிதத்தில் ஈடுபட்டிருந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஜான் ஓ'சல்லிவனும் அவருடைய குழுவினரும் வகுத்த முறை ஒன்று, பிற்காலத்தில் வைஃபை வேகமாக இயங்குவதற்குப் பெரிதும் உதவிற்று.

இரண்டு அலைவரிசைகள்

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை 2005 ஜனவரியில் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் அவ்வாறே விடுவிக்கப்பட்டது. இன்று விற்கும் ரூட்டர்களில் பல இரண்டையும் பரப்புகின்றன. இவற்றில் எது சிறந்தது என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் விசாலம், நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் அதே தொலைவில் இது 2.4-ஐ விடச் சுமார் 7 டெசிபெல் மெலிந்தே வந்து சேர்கிறது. செங்கல்லும் கான்கிரீட்டும் இதை இன்னும் கடுமையாக விழுங்குகின்றன. ஆகவே ரூட்டர் உள்ள அறையிலும் அதை அடுத்த அறையிலும் 5 கிகாஹெர்ட்ஸும், அதற்கு அப்பால் 2.4 கிகாஹெர்ட்ஸும் பயன்படுத்துவது பொதுவாகத் தக்கது.

2.4 வரிசையில் 1 முதல் 13 வரை எண்ணிட்ட சானல்கள் உள்ளன. பதின்மூன்று வீடுகள் தனித்தனியே பேசலாம் போலத் தோன்றும், உண்மை அதுவன்று. சானல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்க, ஒவ்வோர் ஒலிபரப்பும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொள்கிறது. எனவே ஒன்றோடொன்று கலவாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுக்குமாடிக் கட்டடத்தில் மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள பத்துப் பதினைந்து ரூட்டர்கள் இந்த மூன்றையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 6-ல் நெரிசல் என்று கருதி 4-க்கோ 8-க்கோ மாறுவோர் உண்டு. இது தவறு. ஒரே சானலில் உள்ள ரூட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றொன்று காத்திருக்கும் முறை உடையவை. பாதி கலந்த சானலில் இருப்பவை ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொள்ளாமல், வெறும் இரைச்சலாகக் கொள்கின்றன. 1, 6, 11-ல் எது ஓய்ந்திருக்கிறதோ அதைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகவே வைப்பது முறை.

நுண்ணலை அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸிலேயே வேலை செய்கிறது. நூற்றுக்கணக்கான வாட் சக்தி கொண்ட அடுப்பிலிருந்து கசிவது மிகச் சொற்பமே; உடலுக்குத் தீங்கில்லாத அந்தச் சொற்பமும், ஒரு வாட்டின் 500 கோடியில் ஒரு பங்கை எதிர்நோக்கியிருக்கும் கைபேசிக்குப் பேரிரைச்சலாகும். உணவு சூடாகும் இரண்டு நிமிஷம் மட்டும் படம் தடைபடும் வீடுகளில் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

மெலிந்த அலையால் இன்னொரு கேடும் விளைகிறது. அலை வலுவாயிருக்கையில் ஒரே ஏரியல் உடைய சாதாரண கருவி, 2009-ஆம் ஆண்டின் 802.11என் முறைப்படி, வினாடிக்கு 65 மெகாபிட் வேகத்தில் பேசும். அலை மெலிய மெலிய, பிழை நேராதிருக்கும் பொருட்டு அது தன் பேச்சைப் படிப்படியாக நிதானப்படுத்தி 6.5 வரை இறங்கும். அதே செய்தியைச் சொல்ல இப்போது பத்து மடங்கு நேரம் ஆகிறது. அந்த நேரமெல்லாம் மற்றக் கருவிகள் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். பின்கட்டில் திணறும் ஒரு கைபேசி, கூடத்தில் நல்ல அலையில் ஓடும் டெலிவிஷனையும் தயங்கச் செய்வது இவ்வாறுதான்.

இடம் மாற்றுதல்

கண்ணாடி இழை கொண்டுவரும் ஊழியர், கம்பி நுழைவதற்கு வசதியான முதல் இடத்தில் கருவியைப் பொருத்திவிட்டுப் போகிறார். அது வாசற்கதவின் பின்புறமாகவோ, மின்மீட்டர்ப் பெட்டியின் அருகாகவோ, செருப்பு அலமாரியின் மேலாகவோ இருக்கும். அவ்வாறு வீட்டின் ஒரு மூலையில் வைத்த ரூட்டர் தன் சக்தியில் பெரும்பகுதியைத் தெருவுக்கே தானம் செய்கிறது. ரூட்டருக்குத் தக்க இடம் வீட்டின் நடு, தரையில் அன்று, ஆளுயரத்துக்குச் சற்று மேலாக, திறந்த வெளியில். பார்வைக்கு அழகாயில்லை என்று அதை டெலிவிஷனுக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ மறைத்து வைப்பது, விளக்கைப் பானைக்குள் ஏற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

நிமிர்ந்து நிற்கும் ஏரியல் தன் பக்கவாட்டில் நாற்புறமும் அலையைப் பரப்பும். உச்சியிலும் அடியிலும் மிகக் குறைவு. வடையின் வடிவத்தை நினைத்துக்கொள்ளலாம். மாடி வீட்டில் ஏரியல்களுள் ஒன்றைப் படுக்கவைத்தால் மேல்தளத்துக்கும் பங்கு கிடைக்கும். கடைகளில் ‘அதிக வலுவுள்ள ஏரியல்' என்று விற்பது புதிய சக்தி எதையும் உண்டாக்குவதில்லை, வடையைத் தட்டி அப்பளமாக்குகிறது, அவ்வளவே. பக்கவாட்டில் எட்டும் தொலைவு கூடும். மாடி முற்றும் விடுபடும். ரூட்டரின் பின்னே அலுமினியத் தாள் வைக்கும் வழக்கமும் உண்டு. உலோகம் அலையைத் திருப்புவது உண்மையே. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் அறைக்கேற்பக் கணக்கிட்டு வார்த்த உலோகப் பூச்சுத் தகட்டினால் அலையை வேண்டிய திசையில் திருப்பிக் காட்டினர். கணக்கின்றி மடித்து வைத்த தாளோ ஓர் அறைக்குக் கொடுப்பதை மற்றோர் அறையிலிருந்து பறிக்கிறது.

சக்தி மிகுந்த ரூட்டர் வாங்கினால் எல்லாம் தீரும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. வைஃபை ஒருவழிப் பேச்சன்று. கைபேசியும் திரும்பப் பேச வேண்டும். அதன் குரலோ ரூட்டரின் குரலைவிடத் தாழ்ந்தது. ஒலிபெருக்கியில் பேசுபவருக்கு, கூட்டத்தின் கடைசியில் இருப்பவர் முணுமுணுக்கும் பதில் கேட்பதில்லை. கைபேசியில் கோடுகள் நிறைந்திருந்தும் படம் வராத விந்தைக்கு இதுவே காரணமாயிருக்கக் கூடும்.

கம்பியும் துணைக் கருவிகளும்

இடம் மாற்றியும் குறை தீராவிடில் என்ன செய்வது? கையில் கிடைக்கும் முதல் பொருள் ரிப்பீட்டர். இதனை வாங்குவோர் பெரும்பாலும் அலை வராத அறையிலேயே கொண்டுபோய்ச் செருகுகின்றனர். தனக்கே கேளாததை அது எவ்வாறு பிறருக்கு எடுத்துச் சொல்லும்? அலை இன்னும் -65 அளவில் இருக்கும் பாதிவழியில் அதை வைக்க வேண்டும். அங்கும், ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் மலிவான கருவி ஒவ்வொரு செய்தியையும் இருமுறை காற்றில் விடுவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். கேட்பதற்கு ஓர் அலைவரிசையும் சொல்வதற்கு மற்றொன்றும் கொள்ளும் மெஷ் கருவிகள் இதனினும் மேல், விலையும் மேல்.

எல்லாவற்றினும் உறுதியானது பழைய கம்பியே. ‘கேட்-5ஈ' என்னும் வகைக் கம்பி 100 மீட்டர் தொலைவு வரை வினாடிக்கு 1,000 மெகாபிட் கொண்டு செல்லும், சுவரைப் பற்றியோ அண்டை வீட்டாரைப் பற்றியோ அதற்குக் கவலையில்லை. அலை வராத அறைவரை அதை இழுத்து, முனையில் இன்னொரு ரூட்டரை அலை பரப்பும் கருவியாக மட்டும் பொருத்தலாம். உபயோகமற்றுக் கிடக்கும் பழைய ரூட்டரே இதற்குப் போதும். கருவிகளுக்கு முகவரி எண் வழங்கும் வேலையை முதல் ரூட்டர் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டாவதில் அதை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் இரண்டும் முரண்பட்டு, இருந்த இணைப்பும் கெடும். இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இட்டு, வெவ்வேறு சானல்களில் அமைத்தால் கைபேசி நடக்க நடக்கத் தானே மாறிக்கொள்ளும். கம்பியை மின்சாரக் கம்பி செல்லும் குழாயினுள் சேர்த்து விடலாகாது. இடம்பெயராத டெலிவிஷனையும் மேஜைக் கணிப்பொறியையும் கம்பியிலேயே இணைத்துவிட்டால், காற்றில் மற்றவற்றுக்கு இடம் மிஞ்சும்.

கடைகளில் ‘சிக்னல் பூஸ்டர்' என்ற ஒரே பெயரில் இருவகைப் பொருள்கள் விற்கின்றன. வைஃபை ரிப்பீட்டருக்குத் தடையில்லை. கைபேசிக் கோபுரத்தின் அலையைப் பெருக்கும் கருவியைத் தனியார் அனுமதியின்றி நிறுவுவதோ நம் நாட்டில் சட்டவிரோதம். அது சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்றவரின் தொடர்பையும் குலைக்கும்.

ஒரு வீட்டின் கணக்கு

இக்கணக்கை உதாரண வீடு ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம். செங்கற்சுவரும் கான்கிரீட் தளமும் கொண்ட இரண்டடுக்கு வீடு. ரூட்டர் கீழே வாசலருகே இருக்கிறது. மாடியில் பின்புற அறையில் மகள் என்.பி.டி.இ.எல். பாடம் படிக்கிறாள்; இடைத்தொலைவு பத்து மீட்டர். வெட்டவெளியானால் -40 கிடைத்திருக்கும். இரண்டு ஒன்பதங்குலச் சுவர்களுக்கு 18, தளத்துக்கு 15 என்று 33 டெசிபெல் கழிந்து -73 மிஞ்சுகிறது. வீடியோவுக்குத் தக்க -67-க்கு இன்னும் 6 டெசிபெல் குறைவு. தேவையில் நாலில் ஒரு பங்கே கிடைக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையோ -90-க்கும் கீழே போய் இரைச்சலில் மறைந்துவிடுகிறது.

ரூட்டரை மாடிப்படி திரும்பும் நடுமேடையின் மேற்சுவருக்கு மாற்றினால் தொலைவு ஐந்து மீட்டராகக் குறைகிறது. அதனால் 6 டெசிபெல் மீளும். படிக்கட்டின் திறப்பு வழியே அலை ஏறுவதால் தளத்தின் 15 இல்லை. ஒரு சுவரும் குறைவதால் 9 மிச்சம். ஆக 30 டெசிபெல் லாபம். -73 என்பது -43 ஆகிறது; ஆயிரம் மடங்கு சக்தி! 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் இப்போது -55 அளவில் வந்து சேரும். செலவு, கண்ணாடி இழையைச் சில மீட்டர் நீட்டும் கூலியும், நடுமேடையில் ஒரு மின்முனை வைக்கும் கூலியும் மட்டுமே. மின்சாரம் நின்றாலும் பாடம் நில்லாதிருக்க, 12 வோல்ட் தரும் சிறு மின்கலப் பெட்டி ஒன்றை உடன் வைக்கலாம். கண்ணாடி இழைக் கருவி தனியாக இருப்பின் அதற்கும் மின்கலத்திலிருந்து மின்சாரம் செல்ல வேண்டும் என்பதை மறக்கலாகாது.

கீழ்த்தளத்தில் சமையலறைக்குப் பின்னால் உள்ள பாட்டியின் அறைக்கு இந்த மாற்றத்தால் பெரிய நன்மை இல்லை. நடுமேடைக்கும் அவ்வறைக்கும் இடையே இரண்டு சுவர்களும், குளிர்ப்பெட்டியும், எவர்சில்வர்ப் பாத்திர அலமாரியும் நிற்கின்றன; அளவு -72-லேயே நிற்கும். மருத்துவருடன் பேசும் பேச்சுக்கு இது போதாது. ஆகவே ரூட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் கம்பியைப் படிக்கட்டின் ஓரமாகவும் சமையலறை நிலைக்கு மேலாகவும் இழுத்து, அவ்வறைக் கதவுக்கு மேலே பழைய ரூட்டரைப் பொருத்திக் கொடுப்பதே வழி. கட்டிலில் வைத்த கைபேசி அதிலிருந்து மூன்று மீட்டர் தொலைவில் இருக்கும்.